மூட்டைப்பூச்சி ஏன் திரும்பி வருகிறது?

படிப்பை முடித்துவிட்டு உத்தியோகம் தேடிச் சென்னைக்கு வந்த காலத்தில், திருவல்லிக்கேணியில் ஒண்டிக்கட்டைகள் தங்கும் மேன்ஷன் ஒன்றின் மூன்றாம் மாடியில், மூன்று மரக்கட்டில்கள் போட்ட ஓர் அறையில், ஏறக்குறைய இரண்டு வருஷம் வாசம் செய்தேன். அறைக்கு வாடகை கொடுத்தவர்கள் நாங்கள் மூவர். கொடுக்காமல் குடியிருந்தவை எத்தனை என்று எண்ணிச் சொல்ல எவராலும் இயலாது. பின்னிரவு மூன்று மணிக்குக் கழுத்தைத் தேய்த்துக்கொண்டே எழுந்து டார்ச் விளக்கை அடித்தால், தலையணை உறையின் ஓரத்தில், மிளகை நசுக்கித் தட்டையாக்கினாற்போன்ற அரக்கு நிறப் பிராணி ஒன்று, அவசரம் சிறிதும் காட்டாமல், ஆனால் தான் போக வேண்டிய இடம் இன்னதென்று நன்கு அறிந்த தோரணையில், கட்டிலின் தலைமாட்டை நோக்கி நடந்துகொண்டிருக்கும்.

நாங்களும் சும்மா இருக்கவில்லை. ஒரு சனிக்கிழமை கடையில் மருந்து வாங்கி வந்து, மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, அறை முழுவதும் அடித்துவிட்டுக் கதவைப் பூட்டி வெளியேறுவோம். மறுநாள் காலையில் செத்துக் கிடப்பவற்றை முறத்தில் வாரிக் கொட்டும்போது, பாரதப் போரை முடித்துவிட்டு வந்தவர்களைப் போன்ற ஒரு திருப்தி உண்டாகும். பத்து நாள் நிம்மதியாக உறங்குவோம். பன்னிரண்டாம் நாளோ பதின்மூன்றாம் நாளோ மறுபடியும் அதே அரிப்பு, அதே டார்ச் விளக்கு, அதே நடை! இப்படி ஐந்தாறு முறை நடந்த பிறகு, மேன்ஷனின் காவற்காரரிடம் முறையிட்டோம். அவர் எங்களைச் சிறு பிள்ளைகளைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, "அது எங்க தம்பி சாவுது? செவுத்துக்குள்ள பூந்து தூங்கிட்டு, நீங்க அசந்த நேரமாப் பாத்து வருது" என்றார்.

அவர் சொன்னதில் பாதி உண்மை இருந்தது என்பதும், மீதிப் பாதி அதைவிட விநோதமானது என்பதும் பல வருஷங்களுக்குப் பிறகே எனக்குத் தெரியவந்தன. நாங்கள் கொன்றவை உண்மையிலேயே செத்தவைதாம். அப்படியானால் பன்னிரண்டாம் நாள் வந்தவை எவை? இந்தச் சிறு புதிரை அவிழ்க்கப் புகுந்தால், அது நம்மைப் பஞ்சதந்திரத்திலிருந்து வௌவால் குகை வரைக்கும், சென்னை மருத்துவ ஆராய்ச்சியிலிருந்து பால்கன் நாட்டுக் குடிசை வரைக்கும் இழுத்துச் செல்கிறது.

பஞ்சதந்திரத்தில் ஒரு கதை வருகிறது. அரசனுடைய படுக்கை விரிப்பில் ஒரு சீலைப்பேன் நெடுங்காலமாகச் சுகஜீவனம் நடத்தி வருகிறது. அங்கே விருந்தாளியாக வந்து சேர்ந்த மூட்டைப்பூச்சி, பேன் எவ்வளவோ எச்சரித்தும் கேளாமல், அரசன் நன்கு உறங்குமுன்பே அவசரப்பட்டுக் கடித்துவிடுகிறது. அரசன் துள்ளியெழ, ஏவலாளர் விளக்கோடு வந்து தேடுகிறார்கள். கடித்த மூட்டைப்பூச்சியோ கட்டிலின் இடுக்கில் புகுந்து தப்பிவிடுகிறது. துணியின் மடிப்பில் இருந்த பேன் அகப்பட்டுக்கொண்டு மடிகிறது. துஷ்டனுக்கு இடங்கொடாதே என்பது கதையின் நீதி. ஆனால் அந்த நீதியை ஒருபுறம் ஒதுக்கி வைத்துவிட்டுப் பார்த்தால், கதையைக் கட்டியவன் பூச்சிகளின் சுபாவத்தை எவ்வளவு கூர்ந்து கவனித்திருக்கிறான் என்பது விளங்கும். பேன் உடம்போடும் உடையோடும் ஒட்டி வாழ்வது. மூட்டைப்பூச்சி உண்ணும் நேரத்துக்கு மட்டும் உடம்புக்கு வந்து, உண்டு முடித்ததும் இடுக்குக்குத் திரும்பிவிடுவது.

இந்த வித்தியாசமே நமக்கு வேண்டிய முதற்பாடம். பிற உயிரின் மேல் ஒட்டி அதை உண்டு வாழ்வதை ஒட்டுண்ணி என்கிறோம். மூட்டைப்பூச்சியை அப்படிச் சொல்வதைவிட 'உறைவிட ஒட்டுண்ணி' என்று சொல்வது பொருத்தம். அது ஒட்டிக்கொண்டிருப்பது நம்மையன்று, நாம் உறங்கும் இடத்தை. வளர்ந்த பூச்சி ஒருமுறை ரத்தம் குடிக்க எடுத்துக்கொள்ளும் நேரம் 5 முதல் 10 நிமிஷம். அடுத்த வேளை ஆகாரத்துக்குச் சில நாட்கள் கழித்தே வருகிறது. வாரத்தின் 168 மணி நேரத்தில் நம் தோலின்மேல் அது இருப்பது கால் மணியோ அரை மணியோதான். மற்ற நேரமெல்லாம் அது கட்டில் மூட்டிலும், மெத்தையின் தையல் விளிம்பிலும், சுவரின் வெடிப்பிலும், ஆணி அடித்த துவாரத்திலும், மாட்டிவைத்த படத்தின் பின்புறத்திலும் அசையாமல் கிடக்கிறது. நாட்டுப்புறத்தில் சிலர் இதனை மூட்டுப்பூச்சி என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். பெயர் பிறந்த வரலாறு எதுவாயினும், இந்த உச்சரிப்பு விஞ்ஞானத்துக்கு முற்றிலும் இசைவானது. ஏனெனில் மூட்டுவாய் எங்கே உண்டோ அங்கே அதன் ஊர் உண்டு.

இவ்வாறு ஒளிந்து வாழும் பழக்கம் அதற்கு மனிதனிடமிருந்து வந்ததன்று. மூட்டைப்பூச்சியின் உறவினங்களுள் பெரும்பாலானவை வௌவால்களின் ரத்தத்தையோ பறவைகளின் ரத்தத்தையோ குடித்து, குகைச் சுவர்களிலும் கூடுகளிலும் வாழ்பவை. இந்தக் குடும்பம் எத்தனை பழமையானது என்பதை ஆராய்ந்தவர்கள், ஏட்டுச்சுவடி ஆராய்ச்சியாளர்கள் கையாளும் உபாயத்தைப் போன்ற ஒன்றைக் கையாண்டார்கள். ஒரே மூலத்திலிருந்து பரம்பரையாகப் படியெடுக்கப்பட்ட இரண்டு ஓலைச்சுவடிகளை ஒப்பிட்டு, இரண்டிலும் வேறுபடும் எழுத்துக்களை எண்ணினால், அவை எவ்வளவு காலத்துக்கு முன் பிரிந்து வெவ்வேறு கைகளுக்குச் சென்றன என்பதை ஒருவாறு ஊகிக்கலாம் அல்லவா? ஜீவராசிகளின் மரபணுவும் தலைமுறைதோறும் படியெடுக்கப்படும் ஒரு சுவடியே. அதிலும் பிழைகள் சேர்ந்துகொண்டே போகின்றன. காலம் நிச்சயமாகத் தெரிந்த புதைபடிவங்களை அளவுகோலாக வைத்து அந்தப் பிழைகளை எண்ணிப் பார்த்தபோது, 2019-இல் வெளியான ஆராய்ச்சியின்படி, மூட்டைப்பூச்சிக் குடும்பம் தோன்றிச் சுமார் 11½ கோடி ஆண்டுகள் ஆகின்றன என்று தெரியவந்தது. அதாவது, வௌவால் என்ற பிராணியே உலகில் தோன்றாத, டைனோசர்கள் உலவிய காலத்திலேயே அவை இருந்திருக்கின்றன! இன்று மனிதனைக் கடிக்கும் முக்கியமான இரண்டு இனங்களும் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்ததே சுமார் 4.7 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. அப்போது மனிதன் என்று ஒருவன் இல்லை. நாம் அவற்றின் பழைய வீட்டுக்குப் பின்னாளில் வந்து சேர்ந்த புதுக் குடித்தனக்காரர்கள்.

அந்த இரண்டு இனங்களுள் ஒன்று குளிர்ந்த நாடுகளுக்கு உரியது. 1758-இல் இயற்கை அறிஞர் லின்னேயஸ் அதற்குப் படுக்கையைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்தே பெயர் சூட்டினார். மற்றொன்று நம்முடையதைப் போன்ற உஷ்ண தேசங்களில் மலிந்தது. கண்ணால் பார்த்து இரண்டையும் பிரித்தறிவது கடினம். ஆயினும் நமக்கு மிகவும் வேண்டிய ஒரு பேதம் உண்டு. மேல்நாடுகளில் கட்டிற்கால்களின் கீழே வழுவழுப்பான சுவருள்ள பிளாஸ்டிக் கிண்ணங்களை வைத்துவிடுவார்கள். அதனுள் விழுந்த பூச்சி ஏற முடியாமல் அகப்பட்டுக்கொள்ளும். அதே கிண்ணத்தில் உஷ்ண தேசத்துப் பூச்சியை விட்டுப் பார்த்தவர்கள், அது சர்வசாதாரணமாக ஏறி வெளியே வந்துவிடுவதைக் கண்டார்கள். காரணத்தைத் தேடி அதன் காலை நுண்பெருக்கியின் கீழ் வைத்தபோது, பிடிப்பதற்கு உதவும் சிறு மயிர்கள் குளிர்நாட்டு இனத்தைவிட அதில் மிகுதியாக இருந்தன. 2017-இல் வெளியான இந்த ஆராய்ச்சியை நம்மவர் கவனத்தில் வைக்க வேண்டும்; வெளிநாட்டில் பலித்த யுக்தியெல்லாம் இங்கே பலிக்கும் என்று எண்ணிப் பணத்தை விரயம் செய்யலாகாது. எறும்புக்குப் பயந்து உணவு அலமாரியின் கால்களை நீர்க்கிண்ணத்தில் நிறுத்துவார்களே, அந்தப் பழைய முறையில் சோப்புநீர் ஊற்றி வைப்பது அந்தப் பிளாஸ்டிக் கிண்ணங்களைவிட மேல். அப்போதும் கட்டில் சுவரைத் தொடாமலும் போர்வை தரையில் தொங்காமலும் இருக்க வேண்டும். இல்லாவிடில், வாயிலில் காவல் போட்டுவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்துவைத்த கதையாகிவிடும்.

இருட்டில் அது நம்மை எவ்வாறு கண்டுபிடிக்கிறது? நாம் வெளியிடும் மூச்சிலுள்ள கரியமிலவாயுவும் நம் தேகத்தின் சூடும் அதற்கு வழிகாட்டுகின்றன. உண்டு முடித்துத் தன் ஊருக்குத் திரும்புவதற்கோ வேறொரு வழிகாட்டி இருக்கிறது. கனடாவில் சைமன் ஃப்ரேசர் சர்வகலாசாலையைச் சேர்ந்த கெர்ஹார்ட் க்ரீஸ், ரெஜின் க்ரீஸ் என்ற தம்பதியர் இதைக் கண்டுபிடிக்கப் பல ஆண்டுகள் பாடுபட்டார்கள். ஆராய்ச்சிக்கு வேண்டிய பூச்சிகளுக்கு ஆகாரமாக ரெஜின் அம்மையார் தம் கையையே கொடுத்து, ஒரு லட்சத்து எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கடிகளைத் தாங்கினார் என்பதைப் படிக்கும்போது, தம் எலும்பையே தானமாகக் கொடுத்த ததீசி முனிவரின் நினைவு வருகிறது. பூச்சிகள் கழற்றிப்போட்ட தோலிலும் எச்சத்திலும் இருந்து வீசும் சில வாசனைப் பொருள்கள் அவற்றை இடுக்கின் அருகே அழைக்கின்றன. அங்கே வந்ததும் ஹிஸ்டமின் என்ற மற்றொரு பொருள், 'இதுதான் இடம், நில்' என்று அவற்றைத் தங்கச் செய்கிறது. ஆகவே பழைய தோலும் எச்சமும் படிந்த இடுக்கு, பூச்சி ஒன்றுகூட இல்லாதபோதும், புதிதாக வருபவற்றுக்குச் சத்திரத்துப் பெயர்ப்பலகை போல் நின்றுகொண்டிருக்கும். அதைத் தேய்த்துக் கழுவுவது அழகுக்காகச் செய்யும் காரியமன்று, வைத்தியத்தில் ஓர் அங்கம்.

நசுக்கினால் எழும் அந்தக் கெட்ட நெடி வேறு வகை. ஆபத்து வந்தால் விடும் அபாயக் குறி. அந்த நெடிக்குக் காரணமான பொருள்களின் நெருங்கிய உறவினங்களே பச்சைக் கொத்தமல்லியின் வாசனையிலும் இருக்கின்றன. கொத்தமல்லிக்குக் கிரேக்க மொழியில் வழங்கிய பெயர், மூட்டைப்பூச்சியைக் குறிக்கும் சொல்லிலிருந்தே பிறந்தது என்று சொல்லாராய்ச்சியாளர் பலர் கருதுவதும் இதனாலேயே. ரசத்தில் மல்லித்தழையைக் கிள்ளிப் போடும் நமக்கு இது சற்று மனச்சங்கடமான செய்திதான்.

இவ்வளவு ரத்தம் குடிக்கும் பிராணி நோயைப் பரப்பாதா என்ற ஐயம் இயல்பானது. அந்த ஐயத்துக்கும் சென்னைக்கும் நெருங்கிய சம்பந்தம் உண்டு. காலா அஸார் என்ற கொடிய காய்ச்சலின் கிருமியை 1903-இல் சென்னைப் பொது மருத்துவமனையில் பணிபுரிந்த சார்லஸ் டோனவன் நோயாளிகளின் மண்ணீரலில் கண்டார். அதே கிருமியை இங்கிலாந்தில் லீஷ்மன் என்ற மருத்துவரும் கண்டிருந்தார். அது ஒருவரிடமிருந்து மற்றொருவருக்கு எப்படிச் செல்கிறது? சென்னையில் ஆராய்ந்த பாட்டன் என்ற மருத்துவர் மூட்டைப்பூச்சியின்மேல் சந்தேகம் கொண்டு, நோயாளியின் ரத்தத்தைக் குடிக்கச் செய்து பிறகு அதன் குடலைச் சோதித்தார். கிருமி அங்கே உருமாறி வளர்வதை 1907-இல் தெரிவித்தார். குற்றவாளி பிடிபட்டுவிட்டதென்றே பலர் எண்ணினார்கள். ஆனால் குடலில் வளர்வது ஒன்று, கடியினால் மற்றொருவர் உடம்பில் புகுவது வேறொன்று. மூட்டைப்பூச்சியைக் கொண்டு நோயை உண்டாக்க எவராலும் முடியவில்லை. முடிவில் 1942-இல் ஸ்வாமிநாத், ஷார்ட், ஆண்டர்ஸன் என்ற மூவரும், நோயைக் கடத்துவது ஒருவகை மணல் ஈ என்பதை, மனமுவந்து முன்வந்த மனிதரிடத்திலேயே நிரூபித்தார்கள். முப்பத்தைந்து வருஷம் குற்றக்கூண்டில் நின்ற மூட்டைப்பூச்சி விடுதலை பெற்றது. அது மனிதரிடையே இயற்கையாக எந்த நோயையும் பரப்புவதாக இன்றளவும் நிரூபணமாகவில்லை. அது விளைப்பவை அரிப்பு, சொறிந்த புண், தூக்கக்கேடு, மனவேதனை. கூட்டம் மிகப் பெருகினால் ரத்தசோகை. கடித்த இடம் சிலருக்குத் தடிப்பதும் சிலருக்குத் தடம்கூடத் தெரியாமற் போவதும் உண்டாதலால், தடிப்பை மட்டும் பார்த்து மூட்டைப்பூச்சி என்று தீர்மானிக்கலாகாது. மெத்தைத் தையலின்மேல் பேனா மை சொட்டினாற்போன்ற கரும்புள்ளிகளும் வெளிறிய வெற்றுத்தோல்களுமே தக்க சாட்சியம்.

இனி நம் பன்னிரண்டாம் நாள் புதிருக்கு வருவோம். பெண் பூச்சி நாளொன்றுக்குச் சில முட்டைகளாக, தன் ஆயுளில் சில நூறு முட்டைகள் இடுகிறது. ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள அந்த வெண்ணிற முட்டையை அது எங்கேயும் உதிர்த்துவிட்டுப் போவதில்லை; இடுக்கின் உட்சுவரில் பசை போட்டு ஒட்டிவிட்டுப் போகிறது. துடைப்பத்துக்கு அது வருவதில்லை. கடையில் விற்கும் தெளிமருந்துகளில் பெரும்பாலானவை அதன் ஓட்டைத் துளைத்து உட்செல்வதும் இல்லை. ஆகவே நாங்கள் சனிக்கிழமை கொன்றது ஒரு தலைமுறையை. சுவரிலும் கட்டில் மூட்டிலும் அடுத்த தலைமுறை பத்திரமாக இருந்தது. நம் ஊர் உஷ்ணத்தில் முட்டை 6 முதல் 10 நாட்களில் பொரிகிறது. வெளிவரும் குஞ்சு கண்ணுக்கு எளிதில் புலப்படாத அளவு சிறியது, நிறமும் அற்றது. அதன் கடியை உறங்குபவர் உணர்வது அரிது. அது ஒருமுறை ரத்தம் குடித்துத் தோலுரித்து, மறுபடி குடித்து உரித்து, இப்படி ஐந்து முறை உரித்த பிறகே இனம்பெருக்கும் பருவத்தை அடைகிறது. ஒவ்வோர் உரிப்புக்கும் ஒருவேளை ரத்தமாவது கட்டாயம். பிஞ்சுகள் சற்றே வளர்ந்து கூட்டமாகக் கடிக்கத் தொடங்கியதுதான் எங்களுடைய பன்னிரண்டாம் நாள். காவற்காரர் சொன்னபடி சுவருக்குள் தூங்கியது உண்மைதான். ஆனால் தூங்கியது செத்த பூச்சியன்று, பிறக்காத பூச்சி.

இதை உணர்ந்தால் வைத்தியமும் தானே விளங்குகிறது. முட்டையிலிருந்து முட்டையிடும் பருவம் வரை வளர, நல்ல ஆகாரம் கிடைத்தாலும், ஐந்தாறு வாரம் ஆகிறது. முட்டைகள் எல்லாம் பொரிந்திருக்க வேண்டும். பொரிந்தவற்றுள் எதுவும் முட்டையிடத் தொடங்கியிருக்கக் கூடாது. அந்த இடைவெளியில் இரண்டாம் அடியும், தப்பியவற்றுக்காக மூன்றாம் அடியும் விழ வேண்டும். சுமார் பத்துப் பன்னிரண்டு நாள் இடைவிட்டு மூன்று முறையாவது செய்யாத வேலை, பாதியில் நிறுத்திய அறுவடையே. நாங்கள் செய்த பிழை மருந்து அடித்ததன்று. பத்தாம் நாள் நிம்மதியாகத் தூங்கியது. அறையைப் பூட்டிவிட்டுச் சில வாரம் ஊருக்குப் போனால் பட்டினியால் செத்துவிடும் என்ற எண்ணமும் பலிக்காது. வளர்ந்த பூச்சி உணவின்றிச் சில மாதங்களும், குளிர்ந்த இடமானால் ஓராண்டுக்கு மேலும், உயிரோடிருக்க வல்லது.

மருந்தே பலிக்காமற் போவதும் உண்டு. அதன் வரலாறு இன்னும் சுவையானது. 1939-இல் பால் முல்லர் என்ற ரசாயன அறிஞர் டி.டி.டி.யின் பூச்சிக்கொல்லும் சக்தியைக் கண்டுபிடித்து, 1948-இல் நோபெல் பரிசும் பெற்றார். ஒருமுறை தெளித்தால் மாதக்கணக்கில் சுவரிலேயே தங்கிக் கொல்லும் அந்த மருந்தினால், இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு மேல்நாட்டு வீடுகளில் மூட்டைப்பூச்சி ஏறக்குறைய மறைந்தே போயிற்று. எனினும் அவர் பரிசு பெற்ற காலத்திலேயே, ஹவாய்த் தீவில் பேர்ல் துறைமுகத்துப் படைவீடுகளில், டி.டி.டி.க்குச் சாகாத மூட்டைப்பூச்சிகள் தென்பட்டுவிட்டன. நம் நாட்டில் 1953-இல் தொடங்கிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் வீடுதோறும் அதே மருந்து தெளிக்கப்பட்டது. கொசு குறைந்ததைவிட மூட்டைப்பூச்சி குறையாததே ஜனங்களின் கண்ணில் பட்டது. ஆகையால் தெளிக்க வருபவர்களை வரவேற்கும் உற்சாகமும் பல இடங்களில் குன்றியது.

பிறகு வந்தவை பைரித்ராய்டு என்ற வகை மருந்துகள். இன்று கடையில் விற்கும் தெளிமருந்துகளில் பெரும்பாலானவை இவையே. நரம்பில் செய்தி பாய்வதற்குச் சிறு கதவுகள் இமைப்பொழுதில் திறந்து மூட வேண்டும். டி.டி.டி.யும் பைரித்ராய்டும் அந்தக் கதவில் செருகும் ஆப்பைப் போன்றவை. திறந்த கதவு மூட முடியாமல் நரம்பு ஓயாது துடிக்க, பூச்சி வலிப்புக் கண்டு விழுகிறது. லட்சக்கணக்கான பூச்சிகளுள் ஏதோ ஒன்றிரண்டில், மரபணுச் சுவடியின் ஓர் எழுத்துப் பிழையால், கதவின் நிலை சற்றே வேறுபட்டு அமைந்திருக்கும். அங்கே ஆப்பு நிற்பதில்லை, நழுவிவிடுகிறது. மருந்து மற்ற எல்லாவற்றையும் கொன்றுவிட, அந்த ஒன்றிரண்டும் போட்டியின்றிப் பெருகுகின்றன. பூச்சி மருந்துக்குப் 'பழகிவிட்டது' என்று பேச்சுவழக்கில் சொல்கிறோம். உண்மையில் எந்தப் பூச்சியும் பழகவில்லை. பழகாதவை செத்தன, வேறுபட்டுப் பிறந்தவை மிஞ்சின, அவ்வளவே. இதனை 'எதிர்ப்புத்திறன்' என்பர். வேறு சில பூச்சிக் கூட்டங்களில் மேல்தோல் தடித்து மருந்தை உட்புகவிடாமல் தடுப்பதையும், மருந்தைச் சிதைக்கும் நொதிகள் பெருகியிருப்பதையும் கண்டிருக்கிறார்கள்.

இந்த மாறுதல் எவ்வளவு பெரியதென்று அளக்க, மாறாத பழைய பூச்சி ஒன்றோடு ஒப்பிட வேண்டுமே; அது எங்கே கிடைக்கும்? அமெரிக்க ராணுவத்தில் பூச்சியியல் நிபுணராயிருந்த ஹெரால்ட் ஹார்லன், 1973-இல் நியூ ஜெர்ஸியில் ஃபோர்ட் டிக்ஸ் என்ற படைமுகாமில் கிடைத்த மூட்டைப்பூச்சிகளைக் கண்ணாடிப் புட்டியில் இட்டு, தம் உடம்பிலேயே ஆகாரம் கொடுத்துப் பல பத்தாண்டுகள் வளர்த்துவந்தார். வெளியுலகில் மருந்துகள் மாறிமாறி வந்தபோது அந்தப் புட்டியின் சந்ததி மட்டும் அவற்றின் வாடைகூடப் படாமல் வாழ்ந்தது. கென்டக்கி சர்வகலாசாலையார் 2007-இல் புதிய பூச்சிகளை இத்தகைய பழைய வம்சத்தோடு ஒப்பிட்டபோது, பழையதைக் கொல்லும் அளவைப்போல் ஆயிரக்கணக்கான மடங்கு மருந்து கொடுத்தும் சில நகரத்துப் பூச்சிகள் சாகவில்லை. மேல்நாடுகளில் ஏறக்குறைய மறந்துபோயிருந்த மூட்டைப்பூச்சி இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரிய ஹோட்டல்களிலும் தலைகாட்டியதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

எதிர்ப்புத்திறன் எளிதில் செல்லுபடியாகாத ஆயுதங்களும் உண்டு. அவற்றுள் தலையானது வெப்பம். முட்டையின் வெண்கரு வெந்தபின் மறுபடி இளகாதது போல, உயிரின் புரதங்களும் ஓர் எல்லைக்கு மேல் சூடேறினால் சீர்ப்படா. மின்னிசோட்டா சர்வகலாசாலையில் 2011-இல் அளந்தவர்கள் கண்டது இது: 45 டிகிரி செல்ஷியஸில் வளர்ந்த பூச்சி சுமார் ஒன்றரை மணி நேரத்தில் சாகிறது; முட்டை சாக ஏழு மணி நேரம் வேண்டும். 48 டிகிரியில் முட்டையும் சுமார் 70 நிமிஷத்தில் சாகிறது. 55 டிகிரி ஆகிவிட்டால் இரண்டுக்குமே அவகாசம் இல்லை. கட்டில் மூட்டில் கொதிக்கும் நீரை ஊற்றிய நம் பாட்டிமார் இந்த எண்களை அறியார். ஆயினும் காரியத்தைச் சரியாகவே செய்தார்கள். வெயிலில் போடும் வழக்கத்தில்தான் சிறிது சூட்சுமம் இருக்கிறது. சித்திரை மாதத்து மொட்டைமாடியின் தளம் இந்த எல்லையைத் தாண்டிச் சுடும். கோரைப்பாயும் போர்வையும் அதில் நன்றாகக் காயும். ஆனால் இலவம்பஞ்சு மெத்தையோ வெப்பத்தை உள்ளே விடாத பொருள். மேற்புறம் தகிக்க, பூச்சி நிழலான அடிப்புறத்துக்கு நிதானமாக நடந்துபோய்ப் பொழுது சாயும்வரை காத்திருக்கும். ஆகவே துணிகளைச் சுடுநீரில் ஊறவைத்துத் துவைப்பதும், மெத்தையின் தையல்களுக்கு நீராவி காட்டுவதும் வெயிலைவிட நம்பத்தக்கவை.

இரண்டாவது ஆயுதம் தூள். துவரையைச் செம்மண் கட்டி வைத்தால் வண்டு விழாது என்பது நம் உழவர் அனுபவம். பூச்சியின் உடலின்மேல் மெழுகுப்பூச்சு ஒன்று இருந்து உள்ளேயுள்ள ஈரத்தைக் காக்கிறது. நுண்ணிய தூள் அந்த மெழுகை உறிஞ்சவும் சுரண்டவும் செய்தால், பூச்சி உலர்ந்து சாகிறது. ஆதிகால நுண்பாசிகளின் ஓடு படிந்து உண்டான டயாட்டம் மண்ணும் சிலிக்காத் தூளும் இவ்வகையின. சுவர் இடுக்கில் மிக மெல்லிய படலமாக இட வேண்டும். அள்ளித் தூவினால் பூச்சி அதைச் சுற்றிக்கொண்டு போகும், நம் நுரையீரலுக்கும் கேடு.

மூன்றாவது வெறும் விநோதமாக மட்டும் நிற்பது. பல்கேரியா, செர்பியா முதலிய பால்கன் நாடுகளில் முற்காலத்தில் இரவில் கட்டிலைச் சுற்றி பீன்ஸ் இலைகளைப் பரப்பி, விடிந்ததும் பூச்சிகளோடு அவற்றை வாரிக் கொளுத்துவார்களாம். இலையில் விஷம் இருக்கிறதோ என்று தேடியவர்கள் ஏமாந்தார்கள். 2013-இல் மின்னணு நுண்பெருக்கியில் பார்த்தபோது, இலையின்மேலுள்ள மயிர்கள் தொரட்டிக்கோலைப்போல் வளைந்து, நடந்துபோகும் பூச்சியின் காலில் மெல்லிய இடம் பார்த்துக் குத்திக் கோத்துவிடுவது தெரிந்தது. அதே வடிவத்தைச் செயற்கையாக அச்செடுத்துப் பார்த்தும் அந்தப் பிடி வாய்க்கவில்லை.

செய்யத் தகாதவற்றையும் சொல்லியாக வேண்டும். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது என்ற பழமொழியை மெய்யாக்குபவர் இன்றும் உண்டு. மண்ணெண்ணெயைக் கட்டிலில் ஊற்றுவது தீயை அழைத்து வைப்பது. தானியக் கிடங்குக்கென்று செய்த மாத்திரைகளை உறங்கும் அறையில் வைப்பது அதனினும் கொடிது. அவற்றிலிருந்து எழும் நச்சுவாயு பூச்சிக்கும் மனிதனுக்கும் வேற்றுமை பாராது, பக்கத்து அறைக்கும் பரவும்.

மேன்ஷனைவிட்டு வந்த சில வருஷங்களுக்குப் பிறகு, பழைய மரக்கட்டில் ஒன்றோடு அதே விருந்தாளிகள் என் சொந்த வீட்டுக்கும் வந்து சேர்ந்தார்கள். இம்முறை நான் அவசரப்படவில்லை. கட்டிலைத் திருகாணி திருகாணியாகக் கழற்றி மாடியில் வைத்து, ஒவ்வொரு மூட்டிலும் கொதிநீர் ஊற்றினேன். துணிமணிகளை வெந்நீரில் இட்டேன். சுவரிலிருந்த ஆணித்துளைகளைச் சுண்ணாம்புச் சாந்தால் அடைத்தேன். கால்களைச் சோப்புநீரில் நிறுத்தினேன். பத்து நாள் சுகமாக உறங்கிவிட்டு, ஒரு கடியும் இல்லாதபோதே, பதினோராம் நாள் அதே வேலையை முதலிலிருந்து செய்தேன். "ஒண்ணும் இல்லாதப்போ எதுக்கு இந்த வேலை?" என்று வீட்டில் கேட்டார்கள். தலைமாட்டுச் சட்டத்தைக் கழற்றி, கடப்பாறை நுனி போன்ற மரமுளையை வெளியே இழுத்து டார்ச் விளக்கைக் காட்டினேன். அதன் ஓரத்தில், கசகசாவைவிடச் சற்றே பெரியனவாய், ஒளி ஊடுருவும் மூன்று பிஞ்சுகள் நடந்துகொண்டிருந்தன. இருபத்திரண்டாம் நாள் மறுபடி கழற்றிப் பார்த்தபோது வெற்றுத்தோல்கள் மட்டும் இருந்தன. அவற்றையும் துடைத்துவிட்டுக் கட்டிலைப் பூட்டினேன்.